கறவை மாட்டுக் கடன்

பெருமாள்மலை ஏறும்போது
கொண்டை ஊசியில் ஜிப்சி நீலப்புகை விட்டது.
பின்சீட்டுச் சென்னைக்காரர்
பனி என்று நினைத்துப் படம் எடுத்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜக்கரியா ஹெட்டைக் கழற்றினான்.
சிலிண்டருக்குள் விரலை விட்டுத் துழாவினான்.
"மேலே அகலம், கீழே ஒடுக்கம்.
வெறும் ரிங் மாற்றினால் ஆறு மாதம்.
போர் அடித்து ஓவர்சைஸ் போட்டால் ஆறு வருஷம்.
ஃபோர்ஜ்டு பிஸ்டன், வேற கேம் என்றால்
மன்னவனூர் மேட்டில்
மூன்றாம் கியரிலிருந்து நீ கை எடுக்க வேண்டாம்."
கடைசியைச் சொல்லும்போது மட்டும்
அவன் குரல் தாழ்ந்தது,
பெண் பார்த்துவிட்டு வந்தவன் போல.

கேஸ்கட் அட்டையின் பின்பக்கம் எழுதினான்:
பிஸ்டன் நாலு, கோயம்புத்தூர் பார்சல், முப்பத்தெட்டாயிரம்.
கேம் பதினொன்று.
பேரிங் செட், ஆயில் பம்ப், வால்வு சீட்,
லேத் கூலி, என் கூலி.
கூட்டாமல் என்னிடம் நீட்டினான்.
கூட்டுவது வண்டிக்காரி வேலையாம்.

மகளிர் குழுவில் இன்ஜினுக்குக் கடன் கிடையாது.
தையல் மிஷின் உண்டு, பெட்டிக்கடை உண்டு,
கறவை மாடு உண்டு.
மாடு என்று எழுதினேன்.
நிறம் என்று ஒரு கட்டம் இருந்தது.
ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து
வெள்ளை என்று நிரப்பினேன்.
மீதிக்குச் சங்கிலி.

பூண்டு லாரியில் இறங்கியது பிளாக்.
வத்தலக்குண்டில் ஒச்சப்பன் லேத்.
பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில்
எவ்வளவு இடம் விடுவாய் என்று கேட்டேன்.
என் தலைமுடி ஒன்றைக் கேட்டு வாங்கி
மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகினான்.
"இவ்வளவு" என்றான்.
முடியைத் திருப்பித் தரவில்லை.

ராடுகளை எடை போட வேண்டும் என்று
அடகுக்கடையில் தராசு இரவல் வாங்கி வந்தான் ஜக்கரியா.
போன வியாழன்
என் சங்கிலி படுத்திருந்த அதே தட்டு.
மூன்று ராடுகள் ஒரே எடை.
ஒன்று மட்டும் நாலு கிராம் கூட.
அரத்தால் ராவினான், வைத்தான்,
ராவினான், வைத்தான்.
நாலு கிராம் தங்கம் இன்று என்ன விலை என்று
வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
நாலு கிராம் இரும்பை
அவன் மேசையிலிருந்து ஊதித் தள்ளினான்.

சாவி போட்டதும்
உரலில் கல் விழுந்த மாதிரி தட்டியது.
"குளிரில் தட்டும். பிஸ்டன் சூடாகி
வீங்கினால் அடங்கும்" என்றான்.
அடங்கியது.

"ஆயிரம் கிலோமீட்டர்.
அறுபதைத் தாண்டாதே. ஏற்றத்தில் விடாதே."
ஏற்றத்தில் விடாதே என்றால்?
பூம்பாறையில் கோழிகூட ஏறித்தான் மேய்கிறது.

ஆக இறங்கினேன்.
வத்தலக்குண்டு, கெங்குவார்பட்டி,
தேவதானப்பட்டி, பெரியகுளம்,
திரும்ப அதே வழி.
மாந்தோப்பு, தென்னை, செங்கல் சூளை,
மறுபடி மாந்தோப்பு.
அட்டையில் எழுதாத செலவு
பெட்ரோலாய் எரிந்தது.
ஸ்வெட்டரை அவிழ்த்துப் பக்கத்து சீட்டில் போட்டேன்.
பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தாண்டினார்கள்.
மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் கேட்டார்:
"யாரையாச்சும் தேடுறீங்களாம்மா?"

அங்கேதான் போன் வந்தது, பேங்கிலிருந்து.
மாடு எப்படி இருக்கிறது என்று.
"நல்லா இருக்கு சார்.
இப்போ மேட்டுல ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."
"சினையா?"
"ஆமா சார்."
"பார்த்துக்குங்க" என்றார்,
நிஜமான கவலையோடு.

மீட்டரில் தொள்ளாயிரத்து நாற்பது.
இடப்பக்கக் கண்ணாடி முழுக்க மலை.
உச்சியில் மேகம் இருக்கும் இடத்தில்
என் வீட்டுத் துணி காயாமல் தொங்கும்.
ஐம்பத்தைந்தில் போகிறேன்.
கால் கட்டைவிரல் மட்டும்
சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது.